தோத்த மேட்சைக் காட்டு

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் போய்விட்டது. உலகக் கோப்பை தொடங்கப் போகிறது என்று ஒரு சேனலில் பழைய ஆட்டங்களைத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்குச் செனகலும் பிரான்சும். எந்த ஆட்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்தும் புழுக்கம் அடங்கவில்லை. பின்பக்கத்து முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே திரை கறுத்து, சிக்னல் இல்லை என்று எழுத்து வந்து நின்றது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கீரையைத் தள்ளி வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடி, குறுக்குச் சுவரைப் பார்த்து, "அக்கா, படம் போச்சு" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் உறைத்தது. நீங்கள் போய் மூன்று வருடத்துக்கு மேலாகிறது. உள்ளே இருந்த என் வீட்டுக்காரர், உங்கள் கொழுந்தனார், காதிலும் அது விழுந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம், உங்கள் வீட்டில், உங்கள் வீட்டுக்காரர் மாமாவின் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. உள்ளே போக மனசு வராமல் அங்கேயே நின்றேன். அன்றைக்கு அப்புறம் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்கிறேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் கல்யாணமாகி ஆரணிக்கு வந்த புதிதில் நாம் இருவரும் பேசிக்கொண்டதே கிடையாது. ஓரகத்தி மேல் எப்போதும் ஒரு கண் இருக்க வேண்டும் என்று என் தாய்வீட்டில், கலசப்பாக்கத்தில், எனக்குப் பாடம் நடத்தி அனுப்பியிருந்தார்கள். வெம்பாக்கத்தில் உங்களுக்கும் அதே பாடம்தான் நடந்திருக்கும். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு சரி. அந்த வருடம்தான் கேபிள்காரர் புதிதாக ஒரு விளையாட்டுச் சேனல் விட்டார். மாமா கிரிக்கெட் தேடி அதைப் போட்டார். கால்பந்து வந்தது. ஒரு பந்துக்கு இத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்களே என்று அலுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். நாம் தறிக்கு ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தோம். இருவர் கையிலும் பட்டு இழை. ரிமோட்டோ ஜன்னல் மேல். எழுந்தால் இழை அறுந்துவிடும். வேறு வழியில்லாமல் பார்த்தோம்.

அதற்கு முந்தைய உலகக் கோப்பையை வென்ற பிரான்சை, முதல் முறையாக வந்த செனகல் தோற்கடித்தது. கோல் போட்டவர் சட்டையைக் கழற்றித் தரையில் போட, எல்லாரும் அதைச் சுற்றி ஆடினார்கள். நீங்கள் இழையை விட்டுவிட்டுச் சிரித்தீர்கள்.

"சட்டையக் கீழ போட்டு கும்மி அடிக்கிறாங்க பாரேன். நம்ப வூட்டுப் புள்ளைங்க மாதிரியே கீறாங்க."

நீங்கள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அன்று அறுந்த இழைக்கு இருவரும் திட்டு வாங்கினோம். சேர்ந்து திட்டு வாங்கியவர்கள் அதற்குப் பிறகு எதிரிகளாக இருக்க முடியுமா?

அன்றிலிருந்து ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் நமக்கு ஓர் அணி. பிரேசில், ஜெர்மனி என்று ஊரே சொல்லும் பெயர்கள் கூடாது. யாரும் எதிர்பார்க்காத அணியாக இருக்க வேண்டும். முதல் ஆட்டம் தொடங்கிய பிறகு மாற்றக் கூடாது. அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும். 'நம்ப வூட்டுப் புள்ளைங்க' என்றுதான் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளைகள் என்று தெரியாமல் மாமியார் ஒருமுறை, யார் வீட்டுப் பிள்ளைகள் தோற்றுவிட்டார்கள், எதற்கு இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். பரீட்சையில் என்று சொல்லிச் சமாளித்தீர்கள்.

நான் பேப்பர் படிப்பவள். நிபுணர்கள் எல்லாரும் இந்த முறை அதிர்ச்சி தரப்போகிற அணி இதுதான் என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தடவை பெல்ஜியம் என்றேன். "பேப்பர்லயே போட்டுட்டா அப்புறம் அது இன்னாம்மா அதிசயம்?" என்று ஒரே கேள்வியில் பெல்ஜியத்தை ஊருக்கு அனுப்பினீர்கள். எனக்கு உங்கள் மேல் ரொம்ப நாள் கோபம். பிறகு யோசித்தால் உண்மைதானே. எல்லாருக்கும் தெரிந்துவிட்ட ஆச்சரியத்தை ஆச்சரியம் என்று எப்படிச் சொல்வது?

உங்கள் வழி வேறு. என் கைக்கு நல்ல போன் வந்த பிறகுதான் அது எனக்கு முழுசாகப் புரிந்தது. ஒவ்வொரு அணியும் பிரமாதமாக வென்ற ஆட்டங்களின் துண்டுப் படங்களைத் தேடி எடுத்து உங்களுக்குக் காட்டினேன். மரியாதைக்கு இரண்டு பார்த்துவிட்டுப் போனைத் தள்ளினீர்கள்.

"ஜெயிக்கும்போது எல்லாந்தான் கட்டிப் புடிச்சிக்குவாங்க. அதுல இன்னா தெரியும்? தோத்த மேட்சைக் காட்டு."

கோல் வாங்கிய மறுநிமிஷத்தை மட்டும் பார்ப்பீர்கள். யார் யாரைப் பார்த்துக் கையை நீட்டுகிறார்கள், கோல்கீப்பரிடம் யாராவது போகிறார்களா, வலைக்குள் கிடக்கும் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடி வருகிற ஆள் ஒருவராவது உண்டா. கை நீட்டுகிற அணி எத்தனை பெரிய ஆட்டக்காரரை வைத்திருந்தாலும் தள்ளிவிடுவீர்கள். பந்தை எடுக்க ஆள் இருந்தால் போதும், அது நம் வீட்டு அணி.

எல்லா முறையும் பலித்ததா என்றால் இல்லை. ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் நம் பிள்ளைகள் வீடு திரும்பிய வருடமும் உண்டு. அந்த ஊர்த் தண்ணீர் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டீர்கள், இங்கே ஆரணியில் உட்கார்ந்துகொண்டு. கானாவை மட்டும் உங்களால் மறக்க முடியவில்லை. கோலுக்குள் போகவேண்டிய பந்தை எதிரணிக்காரர் கையால் தடுக்க, அதற்குக் கிடைத்த பெனால்டி மேல்கம்பத்தில் பட்டுப் போயிற்று. மறுநாள் காலை நான் பேப்பரைப் படித்துச் சொன்னதும் நீங்கள் அடுப்பு மூட்டவில்லை. ஓட்டலில் இட்லி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டீர்கள். வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது. சாயங்காலம் அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டபோது பார்த்தோம். கோட்டை விட்ட அதே ஆள், கடைசியில் ஆளுக்கு ஒன்றாக அடிக்கும்போது, முதல் ஆளாக வந்து நின்று கோல் போட்டார். "இவன் ஆம்பள" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். தோற்றுப்போன ஆட்டத்தில் உங்களுக்குச் சந்தோஷமாக ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

நம் வீட்டுக்கும் ஒரு கோல் விழுந்தது.

பட்டணத்துக் கடை ஒன்றுக்கு முகூர்த்தப் புடவைகள் அனுப்பியிருந்தார்கள் அண்ணனும் தம்பியும். சந்தன நிற உடம்பு, அரக்குக் கரை. முதல் அலசலிலேயே கரையின் சாயம் உடம்பில் இறங்கிவிட்டது என்று அத்தனையும் திரும்பி வந்தன. பட்டு வாங்கியவர் மாமா. சாயம் போட வைத்தவர் என் வீட்டுக்காரர். கூடத்தில் புடவைகள் பிரித்தபடி கிடக்க, கடைக்காரர் நின்றுகொண்டிருக்க, பட்டுதான் சரியில்லை என்று தம்பியும், சாயம்தான் சரியில்லை என்று அண்ணனும் கையை நீட்டினார்கள். கடைக்காரர் போன பிறகும் நீட்டிய கை இறங்கவில்லை. பழைய கதைகள் எல்லாம் வெளியே வந்தன. அடுப்பங்கரை வாசலில் நீங்கள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

அதோடு பாகம் பிரித்தார்கள். முற்றத்தின் குறுக்கே சுவர் எழும்பியது. கடை ஒருவருக்கு, தறிகள் ஒருவருக்கு, பித்தளை அண்டா அங்கே, கிரைண்டர் இங்கே என்று கணக்காகப் பிரித்தவர்கள் ஓர் இடத்தில் கோட்டை விட்டார்கள். டிவி எங்கள் பக்கம் வந்தது. கேபிளுக்குப் பதிலாக மாட்டிய அதன் குடை ஆன்டெனா உங்கள் மாடியிலேயே நின்றுவிட்டது. வயர் சுவரைத் தாண்டி வந்தது. அதை அறுக்க மாமாவுக்கும் மனசில்லை, வேறு குடை மாட்ட இவருக்கும் மனசில்லை. அடுத்தவர் முதலில் செய்யட்டும் என்று இருவரும் இருந்தார்கள். நமக்கு அந்த வயர் போதுமாக இருந்தது.

காற்றடித்தால் குடை திரும்பிவிடும். நான் முற்றத்தில் வந்து கத்துவேன். நீங்கள் மாடிக்கு ஏறுவீர்கள்.

"வருதா?"

"இல்லக்கா, இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"வந்து வந்து போவுது."

"இப்ப?"

"வந்துச்சு, வந்துச்சு. கைய எடுக்காதீங்க."

"கைய எடுக்காம நா இங்கயே நின்னுகினு இருந்தா மேட்ச யாரு பாக்கறது?"

பிறகு மாமாவின் காதில் விழும்படி, படம் சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று உரக்கச் சொல்லிவிட்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். தூண் ஓரமாக உட்கார்ந்தால் கடைசி விசில் வரை எழுந்திருக்க மாட்டீர்கள். அண்ணன் வீட்டோடு பேச்சில்லை என்று இருந்த என் வீட்டுக்காரர், அண்ணியிடம் பேசக் கூடாது என்று மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. உங்கள் பக்கம் மின்விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய்விடுவார்.

ரஷ்யாவில் உலகக் கோப்பை நடந்த அந்த ஆனி மாதத்தில் காற்றே இல்லாத நாட்களிலும் படம் போனது. அதுவும் சரியாக ஆட்டம் தொடங்குகிற நேரத்தில். எனக்கு வெகுநாள் புரியவில்லை. வயர்தான் கோளாறு, ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று ஒருநாள் சொன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தீர்கள். "ஆள் கீள் எல்லாம் வாணாம். குடைய நான்தான் திருப்பறேன், புரியாத பொண்ணே" என்றீர்கள். இங்கே வருவதற்கு உங்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, நீங்களே அதைச் செய்துகொண்டீர்கள். அன்று நாம் சிரித்த சிரிப்பில் ஒரு கோலையே பார்க்கத் தவறினோம்.

அந்த முறைதான் மொராக்கோ. கடைசி நிமிஷத்தில் அவர்களில் ஒருவரே தலையால் முட்டித் தன் வலைக்குள் பந்தைப் போட்டுவிட்டார். சேம் சைடு கோல். தோற்றார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீங்கள் திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். யாரும் அவரைத் திட்டவில்லை, ஒருவர் போய்த் தலையைத் தடவினார் என்றீர்கள். நான் கவனிக்கவில்லை. "இவங்கள எடுத்து வெச்சிக்கோ, அடுத்த வாட்டிக்கு" என்றீர்கள், பண்டிகைக்குப் புடவை எடுத்து வைப்பதைப் போல.

அடுத்த முறை வந்தபோது உங்கள் உடம்பு பாதியாகியிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தீர்கள். மாடி ஏற முடியாது. குடையைத் திருப்ப முடியாது. அதனால் நான் போனை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். மாமா என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அண்ணன் தம்பி இருவருக்கும் வெளியே போவதில் அப்படி ஓர் ஒற்றுமை. நம் பிள்ளைகள் ஸ்பெயினை ஜெயித்தார்கள். போர்ச்சுகலை ஜெயித்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அதுவரை யாரும் வராத அரையிறுதிக்கு வந்தார்கள். உலகமே வாயைப் பிளந்தது. நீங்கள் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, போன தடவையே சொன்னேனே என்றீர்கள்.

அரையிறுதி நடந்தபோது நீங்கள் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டீர்கள். காலையில் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டீர்கள். வருத்தப்படுவீர்கள் என்று பார்த்தால் போனைக் காட்டிக் கையை நீட்டினீர்கள்.

"தோத்த மேட்சைக் காட்டு."

பார்த்தோம். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் தங்கள் ஊர் ஜனங்கள் முன்னால் வரிசையாகத் தரையில் விழுந்து வணங்கினார்கள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சன்னமாகச் சொன்னீர்கள்.

"நம்ப வூட்ல பந்து இன்னும் வலைக்குள்ளயே கெடக்குது. யாரும் போயி எடுக்கல."

மாமாவிடம் நான் சொல்லிப் பார்க்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். "சொல்லி எடுத்தா அது எடுத்ததா ஆவாது" என்றீர்கள். உங்களுக்கு இருந்த ஒரே குறை அதுதான் என்று எனக்குத் தெரியும். அந்தத் தை மாதத்தில் அந்தக் குறையோடுதான் போனீர்கள். உங்களைத் தூக்கிப் போகும்போது முன்பக்கம் ஒரு தோள் என் வீட்டுக்காரருடையது. காரியம் முடிகிறவரை இருவரும் ஒரே பந்தலில் இருந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். பிறகு அவரவர் கதவு. நீங்கள் இல்லாத வீட்டில் மாமா தனி ஆளாகச் சமைத்துச் சாப்பிட்டார். நான் குழம்பு கொடுத்தனுப்பினால் கிண்ணத்தைக் கழுவிச் சுவர் மேல் வைத்துவிடுவார். நல்ல மனுஷர்தான். ஆனால் உங்களுக்கே வளையாதவர், எனக்கா வளைவார் என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முற்றத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன் என்றேனே. உங்கள் மாடியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா. முழங்கால் வலி என்று மாடிப்படியையே மறந்திருந்தவர். சுவருக்கு இந்தப் பக்கம் பார்க்காமல், குடை மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"வருதா?"

உள்ளே டிவிக்கு எதிரில் இருந்து உங்கள் கொழுந்தனார்தான் பதில் சொன்னார்.

"இல்லண்ணா. இன்னும் கொஞ்சம் இந்தாண்ட."

"இப்ப?"

"வந்து வந்து போவுது."

"இப்ப?"

"வந்துச்சு. கைய எடுக்காதண்ணா."

நான் அடுப்பங்கரைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தெருக் கதவு திறந்தது. படம் சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றார் மாமா. உங்கள் வார்த்தை, அப்படியே. தூண் ஓரமாக உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் எழுந்தார். வழக்கம்போல வெளியேதான் போகப் போகிறார் என்று நினைத்தேன். மின்விசிறியை அண்ணன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டார். செனகல் கோல் போட்டுச் சட்டையைச் சுற்றி ஆடியபோது மாமா திரையைப் பார்த்தபடியே, "கும்மி அடிக்கிறாங்கன்னு அவ சொல்லிகினே இருப்பா" என்றார்.

அவர் போன பிறகு முருங்கைக் கீரையை எடுக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காற்றே இல்லை. அந்தக் குடை தானாகத் திரும்பியிருக்காது. அந்த வித்தையை நீங்கள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனீர்களா, இல்லை, இத்தனை வருடம் ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருந்துகொண்டு அவரே எல்லாம் பார்த்து வைத்திருந்தாரா, எனக்குத் தெரியாது. ஆனால் பந்தை யாரும் சொல்லாமல்தான் எடுத்தார், அக்கா. அதை மட்டும் நான் சத்தியமாகச் சொல்வேன்.

இந்த முறை ஆட்டங்கள் அமெரிக்காப் பக்கம். நமக்குப் பாதிக்கு மேல் விடியற்காலையிலும் காலையிலும் வருகின்றன. மாமா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நம் வீட்டுக்கு ஓர் அணி எடுத்து வைத்திருக்கிறேன். கடலுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சின்னத் தீவுகள், முதல் தடவையாக வருகிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்கள் தோற்ற ஆட்டத்தைத் தேடிப் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பந்தை எடுக்க ஆள் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் சரியாகப் பார்த்தேனா என்று கேட்க எனக்கு நீங்கள் வேண்டும். தூண் ஓரத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அது உங்கள் இடம்தான். அங்கே பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்களைத் தேடுகிறது. அவர்கள் கோல் வாங்கினால் நான் பந்தைப் பார்க்க மாட்டேன். அதற்கு அடுத்த நிமிஷத்தைத்தான் பார்ப்பேன். உங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட கண் அது.

படம் வந்துவிட்டது, அக்கா.